கான்செர்டினா: ஆங்லோவா, இங்கிலீஷா?

ஸ்பெஷல் நாடக ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த மதுரைக் காதுக்கு கான்செர்டினா அந்நியமில்லை. இரு கைக்கும் நடுவில் பிடித்து, இரு முனையிலும் உள்ள பட்டன்களை அழுத்தி வாசிக்கும் சிறு துருத்தி வாத்தியம் இது. இதிலும் ரீடும் துருத்தியும்தான். ஆங்லோ, இங்கிலீஷ் இரண்டும் இதன் வகைகள். திருநகரில் என்னோடு வாசிக்கும் நண்பரிடம் ஆங்லோ, என்னிடம் இங்கிலீஷ்.

ஆங்லோவில் ஒரே பட்டன் துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறொன்றும் தரும். சி (C) சுருதிக்கான பட்டன் வரிசையில் மோகன ராகம் வாசித்தால் ச, க, ப அமுக்கலில். ரி, த இழுப்பில். வலக்கையில் ரியும் கவும் ஒரே பட்டன்தான்! இப்படி அமுக்கி இழுப்பதிலேயே ஒரு துள்ளல் பிறக்கிறது, கும்மிப் பாட்டுக்கு அத்தனை பொருத்தம். ஆனால் ரியை நீட்டிப் பிடித்து நீண்ட கார்வை கொடுத்தால் துருத்தி முழுக்க விரிந்து நின்றுவிடும்.

ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1844-இல் காப்புரிமை பெற்ற இங்கிலீஷ் வகையில் அந்தத் தொல்லை இல்லை. துருத்தி எந்தப் பக்கம் போனாலும் சுரம் மாறாது. வழக்கமான 48 பட்டன் வாத்தியத்தில் பன்னிரண்டு சுரத்தானமும் உண்டு. ச இடக்கை, ரி வலக்கை, க மறுபடி இடக்கை என்று மாறி மாறி வருவது கைக்குப் படிய நாளாகும், அவ்வளவுதான்.

சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இரண்டுமே உதவாது. இருந்தாலும் ராகம் வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு நான் தயங்காமல் இங்கிலீஷையே சொல்வேன். ஆங்லோதான் பிடிக்கிறதென்றால் 30 பட்டன் வாங்குங்கள். சி, ஜி என இரண்டு வரிசை மட்டும் உள்ள 20 பட்டனில், தொடக்கப் பாடமான சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளை ராகமே வராது.