பூஸ்ட் குறைவு என்றதும் டர்போவை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் பழைய இரட்டை டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக என்54 எஞ்சின் உள்ள பிஎம்டபிள்யூ 335ஐ வைத்திருப்பவர்கள் முழுவதும் படித்துவிடுங்கள். 5,800 டாலர் கொடுத்து இரண்டு டர்போவையும் மாற்றினேன். கோளாறு இருந்ததோ ஒரு சாண் ரப்பர் குழாயில்.

என்னுடையது 2008ஆம் வருட கூப்பே. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஆயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது எல்லாம் நானே செய்துகொள்வேன். கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்டு வாங்கிய வண்டி என்பதால் அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும்.

ஃப்ரீமான்ட்டிலிருந்து 680 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சூனோல் மேடு வரும். வழக்கமாக அந்த ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே வண்டி முதுகைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஒருநாள் காலை மிதித்தால் ஏறவே இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு, கூடவே சக்தி குறைக்கப்பட்டது என்ற அறிவிப்பு. ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தேன். விளக்கு போனது. அடுத்த ஏற்றத்தில் திரும்ப வந்தது. வீட்டில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது 30எஃப்எஃப் என்ற பிழைக் குறியீடு (கோடு) இருந்தது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், எஞ்சின் கேட்ட அளவுக்கு வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். ஏன் வரவில்லை என்று அந்தக் கோடு சொல்லாது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஐரோப்பிய வண்டிகள் பார்க்கும் ஒரு கராஜில் விட்டேன். பெயர் இங்கே சொல்லவில்லை. உரிமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். சோதனைக் கட்டணம் 190 டாலர். சாயங்காலம் போன் வந்தது. "குழாயில் புகை விட்டு ஸ்மோக் டெஸ்ட் போட்டோம் சார், எங்கேயும் லீக் இல்லை. அப்படியென்றால் டர்போதான் போயிருக்கிறது. இந்த எஞ்சினில் இது சகஜம்."

நான் நம்பினேன். நம்பக் காரணமும் இருந்தது. என்54 எஞ்சினில் நாளாக ஆக டர்போவில் இருக்கும் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு தளர்ந்து கடகடவென்று ஆடும். அந்த வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். என் வண்டியிலும் குளிர்ந்த காலையில் அந்தச் சத்தம் லேசாகக் கேட்கும். அவர் சொன்னதும் இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். டர்போவின் ஷாஃப்ட் (நடு அச்சு) ஆடுகிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். கழற்றாமல் தெரியாது என்றார். அந்த இடத்திலேயே நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

இரண்டு புதிய டர்போ, ஆயில் குழாய்கள், கேஸ்கெட்கள், கூலி எல்லாம் சேர்த்து 5,800 என்று எழுதிக் கொடுத்தார். இன்னும் பெரிய டர்போ போடலாமே என்றும் ஆசை காட்டினார். அதை மறுத்துவிட்டேன். கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத டர்போ போட்டால் ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனையில் தேறாது. அந்தச் செலவாவது மிஞ்சியது.

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு, சிக்னல் சிக்னலாக நின்று மூன்று மைல் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாது, ஏனென்றால் ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் முழு பூஸ்ட் கேட்பதே இல்லை. மறுநாள் காலை அதே சூனோல் மேட்டில் அதே விளக்கு, அதே 30எஃப்எஃப்.

திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இந்த முறை பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் மின் வால்வுகளான சோலனாய்டு இரண்டையும் மாற்றியதாக 640 டாலர் பில் போட்டிருந்தார்கள். மாற்றும் முன் ஒரு போன்கூட இல்லை. கட்டினால்தான் சாவி என்றார்கள். கட்டினேன். நான்கு நாள் கழித்து மறுபடி அதே கோடு. எஞ்சின் கம்ப்யூட்டர் பழுது, 2,200 ஆகும் என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு தம்பி இருக்கிறான், மதுரைப் பையன், அவனிடமும் இதே எஞ்சின் வண்டி. மதியம் சாப்பிடும்போது கதையைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, வாக்குவம் லைனைப் பாத்தாங்களா?"

பார்க்கவில்லை. ஏன் பார்த்திருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

என்54 மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு டர்போ, பின் மூன்றுக்கு ஒன்று. இரண்டும் ஒரே அளவு, சேர்ந்தே வேலை செய்யும். ஒவ்வொன்றிலும் வேஸ்ட்கேட் என்ற சின்னக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் எக்ஸாஸ்ட் வாயு டர்போ சக்கரத்தைத் தொடாமல் நேராக வெளியே போய்விடும். மூடியிருந்தால்தான் சக்கரம் வேகமாகச் சுழன்று காற்றை அழுத்தும். பல வண்டிகளில் இந்தக் கதவை ஸ்பிரிங் மூடி வைத்திருக்கும், பூஸ்ட் அழுத்தம் திறக்கும். இந்த எஞ்சினில் தலைகீழ். சும்மா விட்டால் கதவு திறந்தே கிடக்கும். எஞ்சின் ஓட்டும் ஒரு பம்ப் உண்டாக்கும் வாக்குவம், மெல்லிய ரப்பர் குழாய் வழியே போய் இழுத்தால்தான் மூடும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் இரண்டு சோலனாய்டு வழியாகத் தீர்மானிக்கிறது.

ஆகவே அந்தக் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் போதும், கதவு சரியாக மூடாது, டர்போ நன்றாக இருந்தாலும் பூஸ்ட் வராது. பதினைந்து வருடத்துக்கு மேல் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும்?

ஸ்மோக் டெஸ்ட்டில் தெரியாதா என்று நானும் கேட்டேன். தெரியாது. கராஜில் புகை விட்டது காற்று உள்ளே போகும் பெரிய குழாய்களில். வேஸ்ட்கேட்டை இழுக்கும் வாக்குவம் லைன் தனிப் பாதை, புகை அங்கே போவதே இல்லை. அது மட்டும் இல்லை, சாதாரண ஸ்மோக் மெஷின் ஒரு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவுக்குத்தான் அழுத்தம் கொடுக்கும். அழுத்திய காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் சார்ஜ் பைப்பில் நூல் போல விரிசல் இருந்தாலோ, மிஞ்சிய பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு தளர்ந்திருந்தாலோ, பூஸ்ட் ஏறும்போதுதான் அது வாயைத் திறக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு முனையையும் அடைத்து 10, 12 பிஎஸ்ஐ காற்று ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆக, "ஸ்மோக் டெஸ்ட் பாஸ், அதனால் டர்போ ஃபெயில்" என்ற பேச்சுக்கு அடிப்படையே கிடையாது.

சனிக்கிழமை தம்பியும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். அவன் பக்கத்து சீட்டில் போனில் பதிவு செய்தான். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன அடாப்டர், போனில் ஒரு ஆப், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் சேரும் காலியான சரிவில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தேன். கம்ப்யூட்டர் கேட்டது எட்டரை பிஎஸ்ஐ. வந்தது நான்கு. வேஸ்ட்கேட்டை மூடச் சொல்லும் சிக்னலோ உச்சத்துக்கு ஏறியிருந்தது. அதாவது கம்ப்யூட்டர் கத்திக்கொண்டே இருக்கிறது, கதவுக்குக் கேட்கவில்லை. ஐந்து நிமிட வேலை இது. 190 டாலர் வாங்கியவர்கள் இதைச் செய்யவில்லை, செய்திருந்தால் எனக்குக் காட்டவில்லை.

ஹேவர்டில் தனியாளாகக் கராஜ் நடத்தும் ஒரு பெரியவரிடம் அந்தப் பதிவைக் கொண்டுபோனோம். அவர் அதைப் பார்த்தார். எஞ்சின் கவரைத் தூக்கினார். சோலனாய்டிலிருந்து முன் டர்போவுக்குப் போகும் குழாயில் கை வாக்குவம் பம்ப்பை மாட்டி அழுத்தினார். முள் 20 அங்குல வாக்குவத்தைத் தொட்டுவிட்டு அப்படியே பூஜ்யத்துக்கு விழுந்தது. அடியில் இருந்து, கதவை இழுக்கும் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டரிலேயே நேராக மாட்டினார். கம்பி உள்ளே இழுபட்டது, முள் அசையாமல் நின்றது. ஆக, ஆக்சுவேட்டர் நல்லது, குழாய் ஓட்டை. குழாயை உருவி எடுத்து வளைத்துக் காட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

மொத்தம் நாற்பது நிமிடம். இரண்டு பக்கமும் எல்லா வாக்குவம் குழாயும் புதிதாகப் போட்டு, கூலியோடு 210 டாலர். திரும்பிப் போகும்போது அதே சரிவில் அதே சோதனை. எட்டரை கேட்டது, எட்டரை வந்தது.

அப்புறம்தான் அவர் சொன்ன இரண்டு விஷயம் என்னை உறங்க விடவில்லை. ஒன்று, டர்போவைக் கழற்றி மாட்டுகிறவன் இந்தக் குழாயைக் கையால் தொடாமல் வேலையை முடிக்கவே முடியாது. அதாவது, வெந்து போன குழாயைப் பிடுங்கி, அதையே திரும்பச் செருகியிருக்கிறார்கள். இரண்டு, சின்ன கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். டர்போவின் உறையில் பழைய துரு, அதன் மேல் பெயின்ட். புதியது இல்லை, பழையதைச் சரிசெய்து ரீபில்ட் செய்தது. என் பில்லில் புதியது என்று எழுதியிருக்கிறது.

இந்த இடத்தில் சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அதற்கு மேல் ஒரு டாலர் ஆவதாக இருந்தாலும் நம் சம்மதம் கேட்க வேண்டும். போட்டது பழைய பாகமோ ரீபில்டோ என்றால் பில்லில் அப்படியே எழுத வேண்டும். வேலைக்குச் சம்மதிக்கும்போதே பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால் தர வேண்டும். டர்போ போலப் பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டிய பாகமாக இருந்தால் காட்டவாவது வேண்டும். நான் கேட்கவில்லை. நீங்கள் கட்டாயம் கேளுங்கள், கையெழுத்துப் போடும் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பணம் கட்டும் முன் அவர்கள் ஆளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஒருமுறை முழுக்க மிதித்துப் பாருங்கள்.

மாநிலத்தின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பியூரோவில் புகார் கொடுத்தேன். கட்டணம் இல்லை, இணையத்திலேயே கொடுக்கலாம். பில், மதிப்பீடு, இரண்டு நாள் பதிவுகள், கேமரா படங்கள் எல்லாம் இணைத்தேன். அவர்கள் நடுவில் பேசினார்கள். சம்மதம் கேட்காமல் செய்த 640-ம், சோதனைக் கட்டணம் 190-ம் திரும்ப வந்துவிட்டன. டர்போ பணத்தைக் கராஜ் உரிமையாளர் தர மறுக்கிறார். பணத்தைக் கொடு என்று பியூரோ கட்டாயப்படுத்த முடியாது. அதனால் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. அடுத்த மாதம் விசாரணை. நொறுங்கிய குழாயை ஒரு ஜிப் கவரில் போட்டு பில்லோடு வைத்திருக்கிறேன்.

கை வாக்குவம் பம்ப் ஒன்று நானும் வாங்கிவிட்டேன், ஐம்பது டாலருக்குள்தான் ஆனது. ஃப்ரீமான்ட், யூனியன் சிட்டி பக்கம் யாருக்காவது 30எஃப்எஃப் வந்தால், எந்தக் கராஜுக்கும் போகும் முன் எனக்குத் தகவல் சொல்லுங்கள். சனி, ஞாயிறில் வீட்டில்தான் இருப்பேன். பம்ப்பை வந்து இரவல் வாங்கிக்கொண்டு போகலாம், வேண்டுமானால் சேர்ந்தே பார்ப்போம்.