சுவரை உடைப்பதற்கு முன் ஸ்பிளிட்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருப்பது 1990களில் கட்டப்பட்ட வீடு. ஈதர்நெட் கம்பி கிடையாது. கேபிள் டிவிக்காக இழுத்த கோஆக்சியல் கம்பி மட்டும் அறைக்கு அறை ஓடுகிறது. அதன் வழியே மாடி அறைக்கு இணையம் கொண்டுசெல்ல இரண்டு மோக்கா 2.5 (MoCA, கோஆக்சியல் கம்பி வழியே வீட்டுக்குள் இணையத்தைக் கடத்தும் முறை) அடாப்டர்களைப் பொருத்தினேன். ரவுட்டருக்கு அருகில் 900 மெகாபிட் காட்டிய வேகம், மாடியில் 80ஐத் தாண்டவில்லை. வீட்டு வயரிங் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை அழைத்தேன்.

வந்தவர் அடாப்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கையில் அளக்கும் கருவி எதுவும் இல்லாததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பேஸ்மென்ட்டில் ஓர் ஆம்ப்ளிஃபையர், எட்டு முனை ஸ்பிளிட்டர் (ஒரு கம்பியின் சிக்னலைப் பல கம்பிகளுக்குப் பிரிப்பது), நுழைவாயில் ஃபில்டர் என்று 260 டாலருக்கு ரசீது கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலையே மாடி இணைப்பு முற்றிலும் அறுந்தது. தொலைபேசியில் கேட்டபோது, சுவருக்குள் இருக்கும் கம்பி பழுதாகிவிட்டது என்றும், முழுவதையும் மாற்ற 1,800 டாலர் ஆகும் என்றும் சொன்னார்கள். ஏறக்குறைய சம்மதித்தும் விட்டேன்.

கையெழுத்திடுவதற்கு முன், டார்ச் அடித்து ஆம்ப்ளிஃபையரின் மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: 54 முதல் 1002 மெகாஹெர்ட்ஸ். கேபிள் இணையம் உள்ள வீடுகளில் மோக்கா இயங்குவதோ 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆகவே சிக்னலைப் பெருக்குவதாகச் சொல்லி விற்ற கருவியே அதற்கு அணை போட்டிருந்தது. ஸ்பிளிட்டரிலும் 1000 என்றே இருந்தது. அவர் கழற்றிப் போட்ட எங்கள் பழைய ஸ்பிளிட்டரிலும் அதே எண். முதலில் வேகம் குறைந்ததன் காரணம் அதுதான். இரண்டு முனை ஸ்பிளிட்டரில் இழப்பு சுமார் 3.5 டெசிபெல் என்றால், எட்டு முனையில் அது 11ஐ ஒட்டி வரும், அதாவது உள்ளே போகும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு முனைக்குக் கிடைக்காது. பயன்படாத முனைகளையும் மூடியிடாமல் திறந்தே விட்டிருந்தார்.

கம்பி உண்மையிலேயே பழுதா என்று பார்க்க, ஸ்பிளிட்டரை விலக்கிவிட்டு, கீழறைக் கம்பியையும் மாடிக் கம்பியையும் இரண்டு டாலர் இணைப்பானால் நேராகப் பிணைத்தேன். அப்போது வெளி இணையம் இருக்காது என்பதால், இரு கணினிகளுக்கிடையே பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிச் சோதித்தேன். வேகம் 900ஐத் தாண்டியது. கம்பியில் ஒரு குறையும் இல்லை.

ரசீதில் இருந்த ஃபில்டரை வீடு முழுவதும் தேடியும் காணவில்லை. மோக்கா சிக்னல் தெருக்கம்பிக்கும் அண்டை வீட்டுக்கும் கசியாமல் தடுத்து உள்ளேயே திருப்பிவிடுவது அதுதான். 1675 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும் மூன்று முனை ஸ்பிளிட்டர், அதன் உள்வாயிலில் ஒரு ஃபில்டர், மிஞ்சிய முனைக்கு 75 ஓம் மூடி ஆகியவற்றை நானே வாங்கிப் பொருத்தினேன். 40 டாலருக்குள் முடிந்தது.

படங்களை அனுப்பிய பிறகு ஃபில்டருக்கான பணத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று கூறி ஆம்ப்ளிஃபையரை ஏற்க மறுத்துவிட்டார்கள். மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் அளித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.