காட்டும் கம்பம், காக்கும் கட்டை: சைக்கிள் பாதைத் தடுப்புகள் எப்படி?

கார் ஓடிய தடத்தில் ஒன்றை எடுத்துச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுக்க நினைக்கும் நகரங்கள் பெரும்பாலும் வாங்குவது இரண்டு பொருள்களை. ஒன்று, பழைய டயர் ரப்பரை அரைத்து வார்த்த நீளக் கட்டை: சுமார் 1.8 மீட்டர் நீளம், 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். மற்றது, மோதினால் மடங்கி மறுபடி நிமிரும் பிளாஸ்டிக் கம்பம். சாலையைத் தோண்டாமல் ஓர் இரவில் திருகிவிடலாம், இடம் சரிவராவிட்டால் கழற்றி நகர்த்தலாம் என்பதுதான் இவற்றின் பலம். 2009இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வேயைக் கார்களுக்கு மூடியபோதும் முதலில் வந்தவை பீப்பாய்களும் மடக்கு நாற்காலிகளும்தான். நிரந்தரத் தளம் பிறகுதான் போட்டார்கள்.

கம்பம் காரைத் தடுக்காது. ஓட்டுபவர் கண்ணுக்கு எல்லையைக் காட்டும், அதோடு சரி. மூன்று மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 1.8 மீட்டர் அகலக் கார் இடையில் புகுந்து நின்றுகொள்ளும். அதனால் நீளம் முழுக்கக் கம்பம் நடுவதைவிட, பாதை தொடங்கும் இடத்திலும் திருப்பங்களிலும் நெருக்கமாக நடுவது நல்லது. வாயிலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விட்டால் பெரும்பாலான கார்கள் நுழையாது. சக்கர நாற்காலியும் மூன்று சக்கரச் சரக்கு சைக்கிளும் சிரமமில்லாமல் போகும். உயரம் 75 செ.மீ. போதும். ஒரு மீட்டர் கம்பம் ஹேண்டில்பாரில் மாட்டும், ஆளைக் கீழே தள்ளும்.

நடு நீளத்தைக் காக்க வேண்டியது கட்டை. அதை வாங்கும்போது பக்கச் சரிவைப் பாருங்கள். பெடல் கீழே வரும்போது தரைக்கும் அதற்கும் சுமார் 10 செ.மீ.தான் இடைவெளி, இரண்டு பக்கமும் செங்குத்தான கட்டை என்றால் பெடல் இடித்துவிடும். கார் பக்கம் செங்குத்தாகவும் சைக்கிள் பக்கம் சரிவாகவும் உள்ளதே சரி. உள்ளே 2 மீட்டர் அகலம் கிடைக்க வேண்டும், அப்போதுதான் மெதுவாகப் போகிறவரை இன்னொருவர் தாண்ட முடியும். பக்கத்தில் கார் நிறுத்தும் இடம் இருந்தால், கதவு திறக்க 80 செ.மீ.யாவது கூடுதலாக ஒதுக்குங்கள்.

பொருத்துவதில்தான் பெரும்பாலான புகார்கள் பிறக்கின்றன. கான்கிரீட்டுக்கான விரியும் போல்ட்டைத் தார்ச்சாலையில் அடிக்கிறார்கள். தார் வெயிலில் இளகும், தொடர்ந்து அழுத்தம் இருந்தால் மெல்ல விலகிக் கொடுக்கும். சில மாதங்களில் போல்ட் ஆடத் தொடங்கும், அந்தத் துளை வழியே நீர் இறங்கிச் சாலையும் பெயரும். தாருக்கு ஏற்றது பசை ஊற்றிப் பதிக்கும் நீளத் திருகுதான். துளை போட்டதும் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துத் தூசியை எடுங்கள், பிறகு மறுபடியும் ஒரு முறை. தூசி மிஞ்சினால் பசை பிடிப்பது தூசியைத்தான், சாலையை அல்ல. ஈரத் துளையும் ஆகாது. பசை இறுகும் முன் போக்குவரத்தைத் திறந்தால் அந்த இரவின் வேலை முழுக்க வீண். கட்டைகளை இடைவெளியே இல்லாமல் வரிசையாகப் பதிப்பதும் தவறு. மழைநீர் வடியும் பக்கத்துக்கு வழி அடைபட்டு, சைக்கிள் பாதையோ சாலையோ குளமாகும். வடிகால் வாய்க்கு நேரே கட்டாயம் இடைவெளி விடுங்கள்.

திருப்பத்தில் வேறு சிக்கல். லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வரும். மூலையில் நட்ட கம்பம் அடுத்தடுத்துச் சாயும். சக்கரம் ஏறினாலும் பாதகமில்லாத 5 செ.மீ. மேட்டை வெளிப்பக்கம் வைத்து, கம்பங்களை அதற்கு உள்ளே தள்ளி நடுங்கள். கார் அந்த மேட்டில் ஏறத் தயங்கி அகலமாகச் சுற்றும், வேகமும் குறையும். வேகம் 50லிருந்து 30 கி.மீ.க்கு இறங்கினால் மோதலின் ஆற்றல் 36 சதவீதமாகச் சுருங்குகிறது. நடப்பவருக்கும் லாபம்: விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறவர் 14 மீட்டர் சாலையைக் கடக்க ஏறக்குறைய 12 விநாடி ஆகும். இரு பக்க நடைபாதை மூலைகளையும் சாலைக்குள் நீட்டி, கடக்கும் தூரத்தை 8 மீட்டராக்கினால் 7 விநாடிக்குள் முடிந்துவிடும். முதியவருக்கும் குழந்தைக்கும் இந்த 5 விநாடி பெரிய விஷயம். கடக்கும் இடத்துக்கு முன்னால் கார் நிறுத்தாமல் அங்கே சைக்கிள் ஸ்டாண்ட் வையுங்கள். அதன் மேலாகப் பார்வை தெரியும், இடமும் வீணாகாது.

பராமரிப்பை யாரும் முதலில் கேட்பதில்லை. வழக்கமான பெருக்கும் வண்டி 2 மீட்டர் பாதைக்குள் நுழையாது, எனவே உடைந்த கண்ணாடியும் சருகும் கட்டையோரம் ஒதுங்கும். குறுகிய வண்டி இல்லாத இடத்தில் கைத் துடைப்பத்துக்கு ஆள் ஒதுக்கிய பிறகே ஆர்டர் கொடுங்கள்.

எங்கள் மதிப்பீடு: கட்டையைத் தயங்காமல் வாங்கலாம், கம்பத்தை அதற்குத் துணையாக மட்டும். 300 மீட்டர் துண்டுக்காக என்றால் இரண்டுமே வேண்டாம். முனையில் சைக்கிளைக் கார் நெரிசலுக்குள் இறக்கிவிடும் பாதையில் பழகாதவர் யாரும் வரமாட்டார். ஸ்பெயினின் செவில் நகரம் 2006–07இல் சுமார் 80 கி.மீ.யை ஒரே மூச்சில் ஒன்றோடொன்று இணைத்துப் போட்டதால்தான் அங்கே சைக்கிள் பெருகியது.

அடித்தட்டும் கம்பமும் தனித்தனியாகக் கழலும் வகையைக் கேட்டு வாங்குங்கள். முறிந்தால் கம்பத்தை மட்டும் மாற்றிவிடலாம், துளையைத் தொட வேண்டியதில்லை.