சூடானில் பசிக்குத் தானியமா, காசா?

போரால் பசியில் வாடும் சூடான் சனங்களுக்குத் தானியத்தைவிடக் காசு கொடுப்பதுதான் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். போனிலேயே பணம் போய்ச் சேர்ந்துவிடும், வழியில் மறிக்க லாரியே இருக்காது, உள்ளூர்க் கடைக்காரரும் பிழைப்பார். தலைநகர் கார்ட்டூமில் தன்னார்வலர்கள் நடத்திய பொதுச் சமையற்கூடங்கள் பல, வெளிநாட்டில் இருக்கும் சொந்தபந்தம் வங்கிச் செயலி வழியாக அனுப்பிய பணத்தில்தான் அடுப்பு மூட்டின.

ஆனால் மேற்கே டார்ஃபூரில் உள்ள எல் ஃபாஷர் நகரத்தைப் பாருங்கள். ராணுவத்தோடு போரிடும் துணை ராணுவப் படை 2024 மே முதல் 2025 அக்டோபர் வரை அதை முற்றுகையிட்டிருந்தது. உலக உணவுத் திட்டம் அங்கே 2,50,000 பேருக்கு டிஜிட்டல் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோதே, 2025 ஆகஸ்டில் சோளமும் கோதுமையும் நாட்டின் மற்ற இடங்களைவிட 460 சதவீதம் வரை கூடுதல் விலைக்குப் போயின. கையில் காசு இருந்தும் சனங்கள் மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைத் தின்றார்கள். சரக்கே உள்ளே வராத சந்தையில் காசு என்ன செய்யும்?

அப்போ லாரிதான் வழியா? அதுவும் லேசில்லை. 2025 ஜூனில் எல் ஃபாஷருக்குப் போன ஐ.நா.வின் 15 லாரிகள் அல் கோமா அருகே தாக்கப்பட்டு 5 பேர் இறந்தார்கள்.

அதனால் சந்தை விலையை வாராவாரம் விசாரித்து எழுதும் வேலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். விலை ஏறியும் மூட்டை வந்துகொண்டிருந்தால் காசு கொடுக்கலாம், கூட்டியும் கொடுக்கலாம். மூட்டையே வரவில்லையென்றால் எவ்வளவு ஆபத்தானாலும் தானியம்தான் போக வேண்டும், அதற்குப் பாதையைத் திறக்கச் சண்டை போடுகிறவர்களை நெருக்கத்தான் வேண்டும்.