போக்கர் அறையா, ஸ்லாட் மிஷினா: கேசினோவுக்கு எது கட்டுப்படியாகும்?

சித்தூர், பாலக்காடு பக்கம் மனமகிழ் மன்றங்களில் ரம்மி மேசையைப் பார்த்தவர்களுக்குப் போக்கர் சீட்டாட்ட அறையின் கணக்கு பாதி புரிந்த மாதிரிதான். சூதாட்ட விடுதியான கேசினோ இந்த ஆட்டத்தில் உட்காருவதில்லை. பணம் ஆட்டக்காரர்களுக்குள்ளேயே கைமாறும். லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று மாங்காய் மண்டிக்காரர் கவலைப்படுவாரா? கமிஷன் வந்தால் போதும். 1968-இல் ஆந்திர அரசு தொடுத்த சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. கூடவே, மனமகிழ் மன்றம் அந்த ஆட்டத்திலிருந்தே லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லிவைத்தது. மன்றம் தொடக்கூடாத அந்தத் தரகில்தான் கேசினோவின் போக்கர் அறை நடக்கிறது.

காசு போட்டுச் சுழற்றும் ஸ்லாட் மிஷினில் கேசினோவேதான் எதிராளி. அதன் பங்கு மிஷினுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது.

லாஸ் வேகாஸில் சிறு பந்தய மேசையில் ரேக் எனப்படும் தரகு, மேசையில் சேர்ந்த மொத்தப் பந்தயப் பணத்தில் 10 சதவீதம். உச்சவரம்பு 5 டாலர் வாக்கில். ஃப்ளாப், அதாவது மேசை நடுவில் திறந்து வைக்கும் முதல் மூன்று சீட்டு, விரிக்காமல் முடிந்த கைக்கு (ஒரு சுற்று ஆட்டத்துக்கு) பெரும்பாலும் தரகு கிடையாது. சீட்டுப் போடும் டீலர் மணிக்கு 30 கை போட்டு, கைக்குச் சராசரி மூன்றரை டாலர் என்று வைத்தால் 105 டாலர். டீலர், மேற்பார்வையாளர், பணத்துக்குப் பதில் வில்லை (சிப்ஸ்) கொடுக்கும் ஆள் எல்லோருக்கும் சம்பளம் இதிலிருந்துதான். ஒன்பது நாற்காலி, நடைவழி சேர்த்து அந்த இடத்தில் நாலு ஸ்லாட் வைக்கலாம் என்று கொள்வோம். சுற்றுக்கு 1 டாலர், மணிக்கு 500 சுற்று, கேசினோவுக்கு 8 சதவீதம்: மிஷினுக்கு 40, நாலுக்கு 160 டாலர். ஆள் செலவு சொற்பம். கேசினோவே எதிராளியாக இருக்கும் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் பெரிய தொகை கட்டும் ஒருவர் ஜெயித்துப் போனால் அன்றைய கல்லா காலியாகலாம். போக்கரில் அந்தப் பயமில்லை என்பது மட்டும் ஆறுதல்.

பிறகு ஏன் போக்கர்? கூட்டத்துக்காக. 1970-இல் பென்னி பினியன் தன் ஹார்ஸ்ஷூ கேசினோவில் உலக போக்கர் தொடரை ஆரம்பித்தது விளம்பரமாகவும்தான். 2003-இல் 86 டாலர் இணையத் தகுதி ஆட்டம் வழியாக அந்தத் தொடருக்குள் நுழைந்த கிறிஸ் மனிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றதும் போக்கர் அறைகள் பெருகின. 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு பெரிய இணைய போக்கர் தளங்களை முடக்கியபின் புது ஆட்கள் வரத்து மெலிந்தது. போக்கர் ஆடுபவர் கையை இறுக்கிப் பிடிப்பவர், தண்ணீர் குடித்தே எட்டு மணி நேரம் ஓட்டுவார். ஆனால் செவ்வாய், புதன் இரவுகளில் ஹோட்டல் அறை எடுப்பார். கூட வந்தவர் ஸ்லாட்டில் உட்காருவார்.

கெடுவது எங்கே? தரகைக் கூட்டினால் முதலில் காய்வது சுமாரான ஆட்டக்காரரின் பை. அவர் எழுந்துபோனால் தேர்ந்தவர்களும் கலைவார்கள். மேசையில் ஐந்து பேராகக் குறைந்தால் தரகைக் குறைத்தாவது ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். டீலர் மந்தமாகி 22 கைக்கு இறங்கினால் மணிக்கு 28 டாலர் போச்சு. அதனால்தான் சீட்டு கலைக்கும் இயந்திரம், பெரிய பந்தய மேசைகளில் அரைமணிக்கொரு நாற்காலிக் கட்டணம்.

கோவாவில் இந்தக் கணக்கே வேறு. அங்குள்ள 1976 பொதுச் சூதாட்டச் சட்டத்தின் திருத்தங்கள்படி டீலர் வைத்து நடத்தும் மேசை ஆட்டம் கப்பலில் மட்டும். கரையிலுள்ள ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு மின்னணு ஆட்டம்தான். அறைகள் நிறைய உள்ள இடத்தில் போக்கர் டீலரை உட்காரவைக்க முடியாது. மேசை போடக்கூடிய மாண்டவி ஆற்றுக் கப்பலில் நூற்றுக்கணக்கான அறைகள் கிடையாது. ஆக, அங்கே போக்கர் மேசை தன் தரகிலேயே தன் இடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.