போர் தண்ணீரில் மீன் தொட்டி: ஆர்ஓ, மழைநீர், கேன், சாஃப்ட்னர் – எது கைகொடுக்கும்?

சென்னையில் போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்) ஊற்றி மீன் வளர்க்கிற வீடுகளில் தொட்டிக் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். விரலால் தேய்த்தால் போகாது. வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்தால் மெல்ல நுரைத்துக் கரையும். தண்ணீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த சுண்ணாம்பு மட்டும் தங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பலர் கேட்பது, "ஆர்ஓ தண்ணீர் ஊற்றிவிடலாமா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு மேல் ஆர்ஓ தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்களும் அதை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது, கலந்துதான் ஊற்ற வேண்டும். இது ஏன் என்பதையும், ஆர்ஓவுக்குப் பதிலாகச் சொல்லப்படுகிற மற்ற வழிகள் அதன் பக்கத்தில் எப்படி நிற்கின்றன என்பதையும் பார்க்கலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதாது, அது தண்ணீரில் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். நமக்கு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஜிஎச் என்பது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பது. கேஎச் என்பது கார்பனேட்டும் பைகார்பனேட்டும் எவ்வளவு என்பது, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) தடாலென்று இறங்காமல் பிடித்து வைப்பது இதுதான். சொட்டு மருந்து மாதிரி வருகிற டெஸ்ட் கிட் வாங்குங்கள். சின்னக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும், பெரும்பாலான கிட்டுகளில் கேஎச் சோதனை நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறும், மாறும்வரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகிரி. பதினைந்து பதினாறு சொட்டு விட்டும் நீலம் நீலமாகவே இருந்தால் உங்கள் தண்ணீரின் குணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் மொத்தக் கடினத்தன்மை, அதாவது ஜிஎச், 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. 600 என்றால் 33 டிகிரிக்கும் மேல். அமேசான் பக்கம் ரியோ நீக்ரோவில் கார்டினல் டெட்ரா நீந்துகிற தண்ணீரில் கிட்டத்தட்ட பூஜ்யம். மனிதனுக்கு ஆகும் என்பதும் அந்த மீனுக்கு ஆகும் என்பதும் வேறு வேறு என்று இதிலேயே தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடலோரப் பகுதியில், மீஞ்சூர் மாதிரி கடல்நீர் நிலத்தடியில் புகுந்த இடங்களில், டிடிஎஸ் எகிறுவதற்குச் சுண்ணாம்பு மட்டும் காரணமில்லை, சாதாரண சோடியம் குளோரைடும் சேர்ந்திருக்கும். உள்பக்கம் பாறையில் போட்ட போரில் சுண்ணாம்பே முக்கியக் காரணமாக இருக்கலாம். இரண்டு வீட்டிலும் மீட்டர் 1,200 காட்டும், தீர்வு ஒன்றாக இருக்காது.

சரி, முதல் வழி: தண்ணீரை விட்டுவிட்டு மீனை மாற்றுவது. இதைச் சொன்னால் பலருக்குச் சப்பென்று இருக்கும், எனக்கு ரொம்பப் பிடித்த வழி இதுதான். மோலி, கப்பி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் எல்லாம் கடினத் தண்ணீரில் செழிக்கிற மீன்கள், மோலியை மென்மையான தண்ணீரில் விட்டால்தான் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளின் சிக்லிட் மீன்களுக்கு நம் போர் தண்ணீர் கிட்டத்தட்ட ஊர்த் தண்ணீர். டாங்கனிகா ஏரியின் பிஎச் 9ஐ ஒட்டி இருக்கும். கோல்டுஃபிஷுக்கும் பிரச்சினை இல்லை. ஏஞ்சலும் ஃபைட்டரும் பல தலைமுறையாகப் பண்ணைகளில் பிறந்தவை, நடுத்தரக் கடினத்தில் நன்றாகவே வாழும். வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்குகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம், "இது எந்தத் தண்ணீரில் இருக்குண்ணே, போரா மெட்ரோவா?" (மெட்ரோ என்றால் குடிநீர் வாரியத் தண்ணீர்) என்று கேட்டுவிட்டு, முடிந்தால் அந்தத் தொட்டியிலேயே டிடிஎஸ் பேனாவை முக்கிப் பாருங்கள். அங்கே 800ல் துள்ளிக்கொண்டிருக்கிற மீனுக்கு வீட்டில் 100 தயார் செய்வது வீண் வேலை, மீனுக்கும் கெடுதல்.

அப்படியானால் ஆர்ஓ யாருக்கு? டிஸ்கஸ், டெட்ரா வகைகளை முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு. பெரிய மீன் கடினத் தண்ணீரைத் தாங்கினாலும் முட்டை பொரிவது அதில் அடிபடும். கிரிஸ்டல் ரெட் மாதிரியான இறால் வளர்ப்பவர்களுக்கு. அதற்கு கேஎச் பூஜ்யத்தை ஒட்டியும் ஜிஎச் 4 முதல் 6 வரையும் வேண்டும், போர் தண்ணீரில் அது நடக்காது. காட்டிலிருந்து பிடித்து வந்த மென்னீர் மீன் வைத்திருப்பவர்களுக்கு. அப்புறம் போர் தண்ணீரில் சோடியம் உப்பே நிறைய இருக்கிற கடலோர வீடுகளுக்கு.

ஆர்ஓ சவ்வு கரைந்த உப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சமையலறைச் சுவரில் தொங்குகிற ஃபில்டரும் தொட்டிக்கான ஆர்ஓவும் ஒன்றல்ல. வீட்டு மெஷினில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும், அது சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். சில மெஷின்களில் மினரல் கார்ட்ரிட்ஜும் உண்டு. குழாயில் 80, 100 என்று வருவதற்கு அதுதான் காரணம். டெட்ராவுக்கு அது பரவாயில்லை, அந்த இறாலுக்கு ஆகாது. சர்வீஸ் ஆளிடம் சொல்லி, சவ்விலிருந்து வெளிவரும் குழாயிலேயே ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டுத் தனியாக இழுத்துக்கொள்ளலாம். மெஷின் ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு ஓடும்போது முதல் சில நிமிடங்கள் வருகிற தண்ணீரில் டிடிஎஸ் கூடுதலாக இருக்கும், அதைத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள்.

உள்ளே போகிற தண்ணீரின் டிடிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிவரும் தண்ணீரில் காட்ட ஆரம்பித்தால் சவ்வு தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரில் சவ்வின் மேலேயே சுண்ணாம்பு படிவதால் இது நம் ஊரில் சீக்கிரமே நடக்கும். பெரிய தொட்டி என்றால் செடிமென்ட் ஃபில்டர், கார்பன், பம்ப், 75 ஜிபிடி (நாளுக்கு 75 கேலன்) சவ்வு என்று உதிரியாக வாங்கித் தனியாக மாட்டிக்கொள்வது நல்லது. அது மணிக்குச் சுமார் 12 லிட்டர் தரும், வீட்டுக் குடிதண்ணீரோடு போட்டி போடாது.

இப்போது முக்கியமான இடம். ஆர்ஓ தண்ணீரை மட்டுமே ஊற்றினால் கேஎச் காணாமல் போய்விடும். மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா, ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம் கார்பனேட் கடினத்தைத் தின்கிறது. தொட்டியில் அது இருப்பே இல்லை என்றால் பிஎச் சரசரவென்று இறங்கும், 6க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாவே மந்தமாகிவிடும். "சுத்தமான ஆர்ஓ தண்ணீர்தானே ஊற்றினேன், மீன் ஏன் செத்தது?" என்று கேட்கிறவர்களின் தொட்டியில் கேஎச் பார்த்தால் பெரும்பாலும் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிடும்.

இதற்குக் கடையில் விற்கிற மினரல் உப்பை ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை. உங்கள் போர் தண்ணீரே மினரல்தான் (கேஎச் பூஜ்யம் கேட்கிற அந்த இறாலுக்கு இந்தக் கலவை ஆகாது). போரில் ஜிஎச் 24, கேஎச் 16 என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் ஜிஎச் 6, கேஎச் 4 கிடைக்கும். ஏஞ்சலுக்கும் டெட்ராவுக்கும் செடிகளுக்கும் இதைவிட வசதியான தண்ணீர் இல்லை. 100 லிட்டர் தொட்டியில் வாரம் 25 லிட்டர் மாற்றினால் 6 லிட்டர் போர், 19 லிட்டர் ஆர்ஓ, அவ்வளவுதான் கணக்கு. உப்புப் புகுந்த கடலோரத் தண்ணீருக்கும் இந்தக் கலவை சரிவராது, கால் பங்கு கலந்தாலும் சோடியம் கூடவே வரும். அவர்கள் முழு ஆர்ஓவில் தாங்களே உப்பு சேர்க்க வேண்டும்; 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா சேர்த்தால் கேஎச் ஒரு டிகிரி ஏறும், 4.4 கிராம் எப்சம் உப்பு ஜிஎச்சை ஒரு டிகிரி ஏற்றும். ஆனால் எப்சம் உப்பில் மெக்னீசியம் மட்டுமே இருப்பதால் கால்சியத்துக்கு வேறு வழி செய்யாமல் அதை வைத்தே ஓட்டிவிடாதீர்கள்.

ஆர்ஓவின் பெரிய குறை கழிவுத் தண்ணீர். வீட்டு மெஷின்கள் பலவற்றில் ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வெளியே போகும். மேலே சொன்ன 19 லிட்டருக்கு 57 லிட்டர் கழிவு, அதுவும் வாராவாரம். கோடையில் லாரி தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊரில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், ஆர்ஓ மெஷின்கள் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மீட்டாக வேண்டும் என்று சொன்னது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கழிவின் டிடிஎஸ் உள்ளே போனதைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக இருக்கும், அதனால் தரை துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவத் தாராளமாக ஆகும். பூந்தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும்.

மழைநீரைப் பார்த்தால் ஆர்ஓவுக்கு நேர் போட்டி அதுதான், வேறெதுவும் இல்லை. கரண்ட் கிடையாது, கழிவு கிடையாது, சவ்வு மாற்ற வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நான்கு சதுர மீட்டர் தார்ப்பாயை மாடியில் கட்டி வைத்தால், ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டும்போது 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். 19 லிட்டர் கணக்கில் அது பத்து வாரத்துக்கு வரும். தமிழ்நாட்டில் 2003லிருந்தே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், ஆனால் அந்தக் குழாயிலிருந்து எடுக்காதீர்கள். சிமென்ட் தளத்தில் ஓடி வந்த தண்ணீர் சுண்ணாம்பையும் தூசியையும் காக்கை எச்சத்தையும் வாரிக்கொண்டு வரும், நேரே தார்ப்பாயில் விழுந்ததுதான் நல்லது. முதல் மழையை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறையும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தையும் விடுங்கள். டிரம்மை இறுக மூடுங்கள், கொசு முட்டையிட்டால் வீட்டுக்கே ஆபத்து. மழைநீரிலும் கேஎச் இருக்காது, அதனால் கலவைக் கணக்கு அப்படியே பொருந்தும். குறை ஒன்றுதான்: மே மாதம் வரை சேர்த்து வைக்க எல்லோருக்கும் இடம் இல்லை. மாடி உங்கள் கையில் இருந்தால் ஐப்பசி முதல் பொங்கல் வரை மழைநீர், பிறகு ஆர்ஓ என்று போவதுதான் என் சிபாரிசு.

கேன் தண்ணீரும் அடிப்படையில் ஆர்ஓதான். 20, 30 லிட்டர் தொட்டிக்கு, வாரம் ஐந்தாறு லிட்டர் போதும் என்கிறவர்களுக்கு, மெஷின் வாங்குவதைவிட இது புத்திசாலித்தனம். ஆனால் ஒரு வாரம் வந்த கேனுக்கும் அடுத்த வாரம் வந்த கேனுக்கும் டிடிஎஸ் மாறும், ஒவ்வொன்றையும் அளந்துவிட்டு ஊற்றுங்கள்.

சாஃப்ட்னரை மட்டும் தயவுசெய்து தொட்டிக்கு யோசிக்காதீர்கள். அப்பார்ட்மென்ட்டில் வைத்திருப்பார்கள், குளித்தால் சோப்பு நன்றாக நுரைக்கும், "எங்க பில்டிங்ல சாஃப்ட் வாட்டர்தான்" என்பார்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. ஜிஎச் சோதனையில் ஒரே சொட்டில் நிறம் மாறும், டிடிஎஸ்ஸோ இறங்கவே இறங்காது, கேஎச்சும் அப்படியே இருக்கும். மென்னீர் மீனுக்கு வேண்டியது மொத்த உப்பே குறைவான தண்ணீர். மோலிக்கும் கப்பிக்கும் வேண்டிய கால்சியமும் போய்விடும், ஆக இரண்டு பக்கமும் நஷ்டம். அப்படிப்பட்ட கட்டடத்தில் இருப்பவர்கள் சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கிற குழாயிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

பிஎச்சை இறக்கப் போடுகிற வாதுமை இலை, பீட் (மக்கிய பாசி), மரக்கட்டை எல்லாம் நல்லவைதான், ஆனால் கேஎச் 16 இருக்கிற தண்ணீரில் அவை நிறத்தை மாற்றுமே தவிர பிஎச்சை அசைக்காது. முதலில் கலந்து கேஎச்சை இறக்கிவிட்டு இலை போட்டால் வேலை செய்யும். பிஎச் குறைக்கிற ஆசிட் பாட்டில் இதைவிட மோசம். ஊற்றியதும் இறங்கும், இருக்கிற கேஎச் மறுநாளே மேலே இழுத்துவிடும், இந்த ஏற்ற இறக்கத்தில் மீன் சோர்ந்துபோகும்.

மெட்ரோ தண்ணீர் வருகிற வீடு என்றால் முதலில் அதை அளந்து பாருங்கள். ஏரித் தண்ணீர் பெரும்பாலும் போரைவிட மென்மையாக இருக்கும், நெம்மேலியில் கடல்நீரைச் சுத்திகரிப்பதும் ஆர்ஓ முறையில்தான். குளோரின் நீக்கினாலே போதும் என்கிற நிலையில் பலர் தேவையில்லாமல் மெஷின் மாட்டியிருக்கிறார்கள். இயல்பிலேயே மென்மையான சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீடுகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

எந்த வழிக்குப் போனாலும் ஒரே நாளில் தண்ணீரை மாற்றாதீர்கள். 1,000 டிடிஎஸ்ஸில் பழகிய மீனைச் சட்டென்று 200க்குக் கொண்டுபோனால் உடம்பின் உப்புச் சமநிலை குலையும். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் பத்து சதவீதம் போல இறங்கினால் போதும், சில வாரம் ஆகட்டும்.

அப்புறம், போர் தண்ணீரிலேயே மோலியும் சிக்லிட்டும் வைத்திருப்பவர்களும் ஒரு வேலைக்கு ஆர்ஓ அல்லது மழைநீர் வைத்துக்கொள்ளலாம். ஆவியானதை ஈடுகட்ட. கோடையில் 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள், ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே இருக்கும். அதை 24 டிகிரி போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் சுமார் 7 டிகிரி கூடுதலாக ஏறிவிடும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்றினால் ஏறாது. அதற்கு நாளுக்கு ஒரு லிட்டர் போதும், சமையலறை ஃபில்டரிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம்.