ஏபிஎஸ் லைற்றைத் "திருத்தின" கதை: பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள்

பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிறவர்கள் நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். சாவியை ஓன் பண்ணுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். டேஷ்போர்டில் ஏபிஎஸ் (பிறேக்கை இறுக்கி மிதித்தாலும் சில்லு பூட்டி வழுக்காமல் காக்கிற அமைப்பு) என்று எழுதின மஞ்சள் லைற் மூன்று விநாடி அளவில் எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அப்படி அணைந்து, ஓடும்போதும் பற்றாமல் இருந்தால் நல்லது. அணையாமல் நின்றால் எங்கேயோ பிழை. ஏபிஎஸ் உள்ள காரில் எரியவே இல்லை என்றால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். எனக்கு நடந்தது அது.

என்னுடையது கொரோலா வன்-டென், 1998ஆம் ஆண்டுத் தயாரிப்பு. கல்லடியில் வீடு, களுவாஞ்சிகுடிப் பக்கம் பள்ளிக்கூடம். போய்வர இந்தக் கார்தான். கார்த்திகை மாதம் ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினால் வலது பக்கம் டக் டக் என்று சத்தம் வரத் தொடங்கியது. சிவி ஜொயின்ற். அதாவது எஞ்சின் சுற்றுகிறதை முன் சில்லுக்குக் கொண்டுபோகிற தண்டின் மூட்டு. எல்லாருக்கும் தெரிந்த வருத்தம்தான். சொந்தக்காரர் ஒருவர் சொல்லி மட்டக்களப்பு நகரத்துக்குள் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் போட மாட்டேன். அந்தச் சொந்தக்காரரோடு இன்னும் கலியாண வீடு, செத்த வீடு என்று முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜொயின்ற்றை மாற்றினார்கள், சத்தம் நின்றது, காசைக் கொடுத்தேன். பில் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது கல்லடிப் பாலத்தில் ஏபிஎஸ் லைற் பற்றியது. அடுத்த நாள் காலை சாவி போட்டதும் வழமை போல எரிந்து அணைந்தது. ஒழுங்கையால் வந்து மெயின் றோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் திரும்பப் பற்றியது. ஜொயின்ற்றையும் லைற்றையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கால் நோவுக்கு மருந்தெடுத்துவிட்டு வந்தவனுக்குக் காது அடைத்தால் காலுக்கு மருந்து தந்தவரையா சந்தேகிப்பான்?

திரும்பக் கராஜுக்குப் போனேன். பிழையை வாசிக்கிற ஸ்கான் மெசின் ஒன்றும் பூட்டவில்லை. லைற்றை ஒரு பார்வை பார்த்தார். "வீல் சென்சர் போயிற்று சேர். முன் வலது." சில்லு சுற்றுகிற வேகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சாமான் அது. மெசின் போடாமல் எப்படி அண்ணன் தெரியும் என்று கேட்டேன். "அனுபவம் சேர்" என்றார். இப்போது யோசித்தால், எந்தச் சில்லு என்று அவருக்கு உண்மையாகவே தெரிந்துதான் இருக்கும்.

ரீகண்டிஷன் சென்சர் 18,500, கூலி 2,500. பூட்டிவிட்டு கராஜ் முற்றத்திலேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். லைற் எரிந்து அணைந்தது. "பாத்தீங்களா சேர்?" பார்த்தேன். பாலத்துக்கு வர முதலே பற்றிவிட்டது.

இரண்டாம் தரம் முன் இடது என்றார். அதே விலை, அதே கூலி, அதே முற்றம், அதே "பாத்தீங்களா சேர்". மூன்றாம் தரம் போனபோது முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு, "ஏபிஎஸ் யுனிற் அடிச்சிற்று சேர், கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து எடுக்கோணும், தொண்ணூறாயிரத்துக்குள்ள முடிச்சித் தாறன்" என்றார். நான் வாத்தியார். தொண்ணூறாயிரம் என்றதும் எழும்பிவிட்டேன். "அப்ப ஒரு நாள் வாகனத்த விட்டுட்டுப் போங்க, கழட்டிச் சேவிஸ் பண்ணிப் பாப்பம்" என்று இறங்கி வந்தார். அதற்கு 12,000. அடுத்த நாள் பின்னேரம் எடுத்தேன். லைற் இல்லை. களுவாஞ்சிகுடி போய் வந்தேன். இல்லை. சந்தோசத்தில் வேலைக்காரப் பொடியனுக்குத் தேத்தண்ணிக்கு 500 வேறு கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

மார்கழி, நல்ல மழை, இரவு எட்டு மணி இருக்கும். கிரான்குளத்தில் றோட்டு நடுவில் கட்டாக்காலி மாடுகள். கல்முனை றோட்டில் ஓடுகிறவர்களுக்கு இது புதினம் இல்லை. மழைக்குத் தார் றோட்டில்தான் சூடு கிடக்கும் என்று வந்து படுத்துவிடும், கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும் வரைக்கும் கண்ணில் படாது. நான் பிறேக்கை இறுக்கி மிதித்தேன். மனைவி பக்கத்தில், மகள் பின்னால். ஏபிஎஸ் வேலை செய்கிற காரில் அப்படி மிதித்தால் காலுக்குக் கீழே கடகடவென்று உதறும். சில்லு பூட்டிக்கொள்ளப் பார்க்கும்போது யுனிற் பிறேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம் அது. அன்று ஒன்றும் உதறவில்லை. சில்லு பூட்டிக்கொண்டது, ஸ்டியரிங்கை வெட்டினேன், கார் வெட்டுப்படாமல் நேரே வழுக்கிக்கொண்டு போனது. ஒரு முழம் இடைவெளியில் நின்றது. மாடு எழும்பவும் இல்லை.

லைற் பற்றியபடி இருந்திருந்தால் ஏபிஎஸ் இல்லை என்று தெரிந்துகொண்டு மெதுவாகப் போயிருப்பேன். அந்த லைற் எரிந்தாலும் சாதாரண பிறேக் பிடிக்கும், வழுக்கும்போது காப்பாற்றுகிற வேலை மட்டும் நடக்காது. அதைச் சொல்லத்தான் அந்த லைற்றை அங்கே வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கைநடுக்கம் தீர்ந்த பிறகு மனைவி சொன்னா: "இஞ்சருங்க, முந்தி சாவி போட்டா அந்த மஞ்சள் லைற்றும் சேந்து பத்துமே, இப்ப பத்துறதில்ல என்ன?" கார் ஓட்டுகிற நான் ஒரு மாதமாகக் கவனிக்கவில்லை.

சாய்ந்தமருதில் வாகன வயரிங் வேலை செய்கிற நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் இருக்கிறார். கூடப் படிப்பிக்கிற சேர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். நானா வந்ததும் சாவியைப் போட்டார், டேஷ்போர்டைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்து மீற்றர் போட்டைக் கழற்றினார். பின் பக்கம் சின்னச் சின்னப் பல்ப் கூடுகள் வரிசையாக இருந்தன. ஏபிஎஸ் இடத்தில் வெறும் ஓட்டை. பல்ப் பியூஸ் போனால் கூடாவது கிடக்க வேணும். கூட்டோடு காணவில்லை. 12,000 ரூபாய் "சேவிஸ்" அதுதான்.

தன் டப்பாவில் இருந்து ஒரு பல்ப்பை எடுத்துப் போட்டார். மறுகா பொனற்றைத் திறந்து, டயக்னோஸ்ரிக் என்று மூடியில் எழுதின கறுப்புப் பெட்டிக்குள் டிசி, இ1 என்ற இரண்டு ஓட்டைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் தொடுத்தார். சாவி போட்டதும் லைற் பிழை இலக்கத்தை (கோட்) மினுங்கிக் காட்டத் தொடங்கியது. மூன்று தரம், ஒரு இடைவெளி, பிறகு ஒரு தரம். "முப்பத்தொண்டு. வலது முன் சில்லு" என்றார். என் கார் வந்த காலத்து டொயோட்டாக்களில் 31 வலது முன், 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். ஸ்கான் மெசின் இல்லாத கராஜிலும் ஒரு துண்டுக் கம்பி இருக்கும். எனக்கு அதைக்கூடச் செய்து காட்டவில்லை.

"சென்சர் மாத்தினதுதானே நானா" என்றேன். "கோட் சில்லத்தான் சொல்லும் தம்பி, சென்சரச் சொல்லாது" என்றார். எனக்கு 21,000 ரூபாய்ப் பாடம் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. சென்சர், அதன் வயர், சொக்கற், அது பார்த்துக்கொண்டிருக்கிற பல் வளையம், நாலில் எது கெட்டாலும் கோட் ஒன்றுதான்.

லைற் எப்போது பற்றுகிறது என்று கேட்டார். ஓடத் தொடங்கின பிறகு என்றேன். அவருக்கு அரைவாசி விளங்கிவிட்டது. வயர் அறுந்தாலோ சென்சருக்குள் கம்பிச் சுருள் அறுந்தாலோ கார் நிற்கும்போதே கம்ப்யூட்டருக்குத் தெரியும், லைற் அணையாது. ஓடின பிறகு பற்றினால், மற்ற மூன்று சில்லும் சுற்றுகிறது, இந்தச் சில்லில் இருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். கராஜ் முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டின வித்தை எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது. ஓட்டிக் காட்டியிருந்தால் பிடிபட்டிருப்பார்.

ஜக் போட்டு முன் பக்கத்தைத் தூக்கினார். சென்சர் சொக்கற்றைக் கழற்றி, கரண்ட் பார்க்கிற மீற்றரை வைத்தார். இடதும் வலதும் மின்தடை ஆயிரத்துச் சொச்சம் ஓம், கிட்டத்தட்ட ஒரே அளவு. பிறகு மீற்றரை ஏசி வோல்ற்றுக்குத் திருப்பிவிட்டு என்னைச் சில்லைக் கையால் சுற்றச் சொன்னார். இடது சில்லைச் சுற்ற, சுற்ற இலக்கம் ஆடியது. ஒரு வோல்ற்றுக்கும் குறைவுதான், ஆனாலும் ஆடியது. வலது சில்லை மூச்சு வாங்கும் மட்டும் சுற்றினேன். பூச்சியம். (இரண்டு வயர் உள்ள பழைய காந்தச் சென்சருக்குத்தான் இந்தச் சோதனை. இப்போது வருகிற வாகனங்களின் சென்சருக்குக் கரண்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும், அதில் ஓம் பார்ப்பது சரிவராது என்று நானா இரண்டு தரம் சொன்னார்.)

டோர்ச் அடித்துப் பார்த்தார். "இத யாருகா பூட்டின?" என்றார்.

இடது ஜொயின்ற்றைச் சுற்றிப் பற்சக்கரம் போல ஒரு வளையம். வலது பக்கம், புதிதாக மாற்றின ஜொயின்ற், மொட்டை. ஏபிஎஸ் இல்லாத வன்-டென்னுக்கு வருகிற ஜொயின்ற்றை எனக்குப் பூட்டியிருக்கிறார்கள். சென்சர் பாவம், எண்ணுவதற்குப் பல் இல்லாமல் வழுவழுத்த இரும்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. தங்கத்தில் சென்சர் செய்து பூட்டினாலும் அந்த லைற் அணையாது.

இன்னும் ஒன்று காட்டினார். இடது சென்சரைப் பிடித்திருக்கிற பத்தாம் நம்பர் போல்ற்றில் துரு தலையோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. இரண்டாவது 21,000 எதற்கு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மொத்தம் 54,000, தேத்தண்ணிக் காசு சேராமல்.

பிழையான ஜொயின்ற் மாறிப் பூட்டுவது மனிதப் பிழை. அதை நான் மன்னிப்பேன், நானும் சோதனைத் தாள் திருத்துகையில் புள்ளி மாறிப் போடுகிறவன்தான். லைற் பற்றிக்கொண்டு திரும்பி வந்த நேரம் "சேர், சாமான் மாறிப்போச்சு" என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிழையை மறைக்கச் சென்சர் விற்றதும், அதுவும் சரிவராமல் பல்ப்பைப் பிடுங்கினதும்தான் மன்னிக்க முடியாதது.

நானா வளையத்தோடு ஒரு ரீகண்டிஷன் ஜொயின்ற் எடுப்பித்துப் பூட்டினார். சாமானும் கூலியும் 16,000. பல்ப்புக்குக் காசு வாங்கவில்லை. பூட்டிவிட்டுத் தானே பக்கத்தில் இருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் கொஞ்சத் தூரம் ஓட விட்டுப் பார்த்தார். கரையோர வாகனங்களில் தனக்கு வருகிற வேலையில் பெரும்பாலும் உப்புக் காற்றில் பச்சை பிடித்த சொக்கற்றும் துருப்பிடித்த வளையமும்தான், சென்சர் தானாகச் செத்தது குறைவு என்றார். வளையத்துக்குக் கீழே துரு ஏறினால் நிற்கப் போகிற நேரத்தில், ஐந்து பத்து கிலோமீற்றர் வேகத்தில், காரணம் இல்லாமல் மிதி உதறுமாம். அப்படி யாருக்காவது இருந்தால் சென்சர் வாங்க முதல் வளையத்தைத் துப்புரவாக்கிப் பாருங்கள்.

பிறகு அந்தக் கராஜுக்குப் போனேன். கையில் மொட்டை ஜொயின்ற், போனில் போல்ற்றின் படம். பல்ப் சோட் ஆகியிருக்கும் என்றார். கூடு எங்கே என்று கேட்டேன். "ஏபிஎஸ் இல்லாம எத்தின கார் ஓடுது சேர், உங்கட பழைய வாகனம்தானே" என்றார். கடைசியில் 15,000 தந்தார். நுகர்வோர் அதிகார சபைக்குப் போகலாம்தான். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடிக்கலாம், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியதும் கடைக்காரரின் கடமை. நான்தான் ஒரு நாளும் கேட்கவில்லையே. மூன்று தரமும் காசைக் கையில் கொடுத்து, கழற்றின பழைய சென்சரைக் கூடத் திருப்பிக் கேட்காமல் வந்தவன், எதைக் காட்டி எழுதுவது? பதினையாயிரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வன்-டென்னுக்கோ அதுபோல ஒன்றுக்கோ சிவி ஜொயின்ற் மாற்றப் போகிறவர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்ட விடுங்கள். எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் கல்லடிப் பக்கம் வரும்போது சொல்லுங்கள். அந்த மொட்டை ஜொயின்ற் இன்னும் என் விறாந்தையில், கதவு அடிபடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.